இனப்பகையும் இல்லுறவும்

(டி. கல்லுப்பட்டியில் தனித்தமிழ் அன்பர்கள் கூட்டிய திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பொருளியல் அறிஞர் குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஊர் இவ்வூர். ஊர்ப்புறத்தானின் உழைப்புக்கு மதிப்புத் தேடிய அப்பெருமகனார் வாழ்ந்த மண்ணில், உழவுக்கும் நெசவுக்கும் தொடர்பில்லாத ஒரு பொருளை நான் இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளேன். கொரியர்க்கும் சப்பானியர்க்கும் இடையே உள்ள பழம்பகை, அவ்விரு நாட்டாரும் நண்பராகவோ கணவன் மனைவியராகவோ நெருங்குமிடத்து, இன்றும் எவ்வாறு ஊடே வந்து நிற்கின்றது என்பதே அது. 'கொரியன் ஒருவன் சப்பானியப் பெண்ணை மணந்தால் கல்லுப்பட்டிக்கு வந்தது என்ன?' என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கொரியாவைத் தொட்டால்தான் நான் ஈழத்துக்கு வர முடியும். ஈழத்துக்கு வந்தால்தான், இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தொலைவில் உள்ள உத்தப்புரத்துக்கு வர முடியும்.

கொரியாவைச் சப்பான் 1910-இல் விழுங்கியது. 1945 வரை தன் வயிற்றுள்ளேயே வைத்திருந்தது. நெல்லைக் கொண்டுபோனான், நிலத்தை அளந்து பறித்தான், ஆளைக் கட்டாயப்படுத்திச் சுரங்கத்துக்கு ஓட்டினான் என்பனவெல்லாம் எல்லா ஆண்டைகளும் எல்லா அடிமை நாடுகளிலும் செய்தவையே. சப்பானியன் அவற்றோடு அமையவில்லை. 1938-இல் பள்ளிகளில் கொரிய மொழிப் பாடத்தைக் கட்டாயமில்லாததாக்கிப் படிப்படியே ஒழித்தான். 1940-இல் கொரியர் தம் குடிப்பெயரை விட்டுச் சப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டான். பெயர் மாற்றாதவன் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. அவனுக்குப் பங்கீட்டுப் பொருள் கிடைப்பதும் அரிது. அரையாண்டுக் காலத்தில் நூற்றுக்கு எண்பது குடும்பங்கள் அளவில் பெயர் மாற்றிப் பதிந்தன. அவ்வாண்டு ஆகத்து மாதத்திலேயே தொங்கா இல்போ, சோசன் இல்போ என்னும் கொரியமொழி நாளிதழ்கள் இரண்டும் மூடப்பட்டன.

தோழர்களே, தமிழராகிய நாம் நெஞ்சில் எழுதி வைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று இதன்பின் நடந்தது. கொரிய மொழிக் கழகத்தார் பல்லாண்டுகளாக ஒரு பேரகரமுதலியைத் தொகுத்துக்கொண்டிருந்தனர். அம்கூங்கு என்னும் ஊரில் ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பைக் காவலர் கைப்பற்றி, அதைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரைப் பற்றி, ஆசிரியரைக் கொண்டு கழகத்தையே வளைத்தனர். 1942 அகுத்தோபரில் தளைப்படுத்தல் தொடங்கியது. 33 பேர் அவ்வழக்கிற் சிக்கினர். அகரமுதலி தொகுப்பது அரசுக்கு எதிரான கலகமாம்! இயி யுன்சே, ஆன் சிங்கு என்னும் அறிஞர் இருவர் சிறையிலேயே மாண்டனர். காவலர் கைப்பற்றிய கையெழுத்துப் படிகள் எங்குச் சென்றன என்று எவர்க்கும் தெரியவில்லை. நாடு விடுதலை பெற்ற சில கிழமைகளில், 1945 செபுதம்பரில், சியோல் தொடர்வண்டி நிலையத்துச் சரக்கறையில் அவை கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டெடுத்தனர். அவற்றைக் கொண்டே 1947-இல் முதன் மடலம் வெளிவந்தது. 1957-இல் ஆறு மடலங்களாக அந்நூல் நிறைவுற்றது. ஒரு சொல்லைக் காக்க உயிர் கொடுத்தான் என்பதை நாம் மேடையில் அணியாகச் சொல்வதுண்டு. கொரியனுக்கு அது மெய்யாக நடந்த செய்தி.

இத்தகைய வரலாற்றை உடைய ஒருவன், சப்பானியன் ஒருவனோடு ஒரே பலகையில் அமர்ந்து உண்ணும்போது, அவ்வரலாறு எங்கே போயிருக்கும்? போகாது. இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆளாய் அமர்ந்திருக்கும். 1965-இல் தென்கொரியாவும் சப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. முந்நூறு கோடி அளவுப் பணமன்று, முப்பது கோடி அமெரிக்க வெள்ளி கொடையாகவும் இருபது கோடி கடனாகவும் கைமாறின. கணக்குத் தீர்ந்தது என்றனர் ஆட்சியாளர். ஆனால் 1991 ஆகத்து 14-ஆம் நாள் கிம் ஆக்சுன் என்னும் மூதாட்டியார் வெளிவந்து, இளமையிற் சப்பானியப் படையார் தம்மைப் பிடித்துச் சென்று படைவீடுகளில் அடைத்துச் சிதைத்த கொடுமையைத் தம் பெயரும் முகமும் மறைக்காது உலகறியச் சொன்னார். கணக்கு அன்றுதான் தொடங்கியது. 1992 சனவரியிலிருந்து அறிவன்கிழமைதோறும் சியோலில் சப்பானியத் தூதரகத்தின் முன் மக்கள் கூடத் தொடங்கினர். பணம் வாங்கியது அரசு, பட்டது கிழவி. அவரை எவரும் கேட்கவில்லை.

சப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர் நிலை இன்னும் கடிது. அங்கேயே பிறந்து, அம்மொழியே பேசி, அவ்வுணவே உண்டு வளர்ந்தவர்கள் பலர், வெளியிற் சப்பானியப் பெயரும் வீட்டிற் கொரியப் பெயருமாய் இரண்டு பெயரோடு வாழ்ந்தனர். இட்டாச்சி என்னும் பெருந்தொழில் நிறுவனத்தில் 1970-இல் ஓர் இளைஞர்க்குப் பணி கிடைத்தது. விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்தது சப்பானியப் பெயர். அவர் கொரியர் என்று தெரிந்தவுடன் பணி நீக்கப்பட்டது. அவர் முறைமன்றம் ஏறி நான்காண்டு போராடி 1974-இல் வென்றார். பணிக்கே இந்நிலை என்றால் பெண் கேட்கப் போகுமிடத்து எந்நிலை இருந்திருக்கும்? பத்தாண்டு பழகிய காதலனிடம் தன் மெய்ப்பெயரைச் சொல்ல அஞ்சிய பெண்கள் அந்நாட்டில் எத்தனை பேரோ! திருமணப் பதிவுக்குக் குடும்பச் சுவடியை எடுக்கும் நாள்தான் உண்மை வெளிவரும் நாள்.

அந்த அச்சத்துக்குக் கரணியம் இருந்தது. 1923 செபுதம்பர் முதல் நாள் தோக்கியோவையும் யோக்கோகாமாவையும் பெருநிலநடுக்கம் தகர்த்தது. தீயும் பரவியது. கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர், தீ வைத்தனர் என்னும் பொய்யும் அதனினும் விரைந்து பரவியது. தடியும் வாளும் ஏந்திய கும்பல்கள் தெருமுனைகளில் நின்று வழிப்போவாரைத் தடுத்து, 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்னும் தொகையைச் சப்பானிய மொழியிற் சொல்லச் சொல்லின. நாக்குத் தடுமாறியவன் கொரியன். அவன் தலை உருண்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஏன் அத்தொகை? இங்கே கொஞ்சம் மொழிநூல் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சப்பானிய மொழியில் அத்தொகை அதிர்ந்தொலிக்கும் சகரத்தோடும் ககரத்தோடும் வரும். கொரிய மொழியில் வல்லெழுத்துச் சொல்லின் முதலில் அதிராது. மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும்தான் அதிரும். நம் தமிழிலும் அஃதே நிலை. 'பல்' என்பதில் பகரம் வலிந்து ஒலிக்கின்றது. 'கம்பு' என்பதில் மெலிந்து அதிர்கின்றது. ஒரே எழுத்து, இடத்துக்கேற்ற ஒலி. எடுத்த எடுப்பில் அதிர்ந்தொலிப்பது நம் நாவின் இயல்பன்று, கொரியன் நாவின் இயல்புமன்று. இதனைக் கொண்டு கொரியரும் தமிழரும் ஒரே குடி என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு பேசுவார் உளர்; அதற்குரிய சான்று வேறு, ஆராய்ச்சி வேறு. நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஒலியியல்பே கொரியனுக்குத் தோக்கியோவிற் கூற்றாயிற்று, நமக்குக் கொழும்பிற் கூற்றாயிற்று.

இலங்கையில் நிகழ்ந்த தமிழர் படுகொலைகளின்போது கும்பல்கள் பேருந்தையும் மகிழுந்தையும் நிறுத்தி, ஒரு வாளியைக் காட்டி, 'இதன் பெயரைச் சொல்' என்று கேட்டன. சிங்களத்தில் அது 'பால்திய'. பகரம் அதிர வேண்டும். தமிழன் வாயில் அது 'வால்தி' என்று வந்துவிடும். வந்தால் முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவெனின், அந்தச் சொல் சிங்களமும் அன்று. போர்த்துக்கேசியன் விட்டுப் போன சொல். எவனோ கடலோடி கொண்டுவந்த சொல்லைத் தன் தாய்மொழி என்று எண்ணி அதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனைக் கொன்றான் சிங்களவன். 'வாளி' என்று அழகாகச் சொல்லத் தெரிந்தவன் செத்தான்.

இனி உறவுக்கு வருவோம். சப்பானியரும் கொரியரும் ஒருவர்க்கொருவர் அயலாரா? 2001 திசம்பரில் சப்பானியப் பேரரசர் அக்கிகித்தோ தம் பிறந்த நாளையொட்டிப் பேசுகையில், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அரியணை ஏறிய தம் முன்னோராகிய கம்மு பேரரசரின் தாயார் கொரியத்துப் பெக்சே அரச குடியின் வழியினர் என்பதைத் தாமே எடுத்துரைத்தார். கொரியச் செய்தித்தாள்கள் அதனை முதற்பக்கத்தில் வெளியிட்டன. சப்பானியச் செய்தித்தாள்களோ அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம் பக்கம் பாருங்கள். சிங்களவர் தம் வேதமாகப் போற்றும் மகாவமிசம் என்ன சொல்கின்றது? அவர்களின் முதல் அரசன் விசயன், மதுரைக்கு ஆளனுப்பிப் பாண்டியன் மகளைப் பெண் கேட்டு மணந்தான். அவன் தோழர் எழுநூற்றுவர்க்கும் அங்கிருந்தே பெண்கள் வந்தனர் என்று சொல்கின்றது. அது கதையாகவே இருக்கட்டும். அக்கதையின்படியே சிங்கள இனத்தின் முதற்பாட்டிமார் நம் மதுரைப் பெண்கள்! பிற்காலத்துச் செய்தி கதையன்று. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் குடியிற் பெண்ணெடுத்தனர். 1739-இல் அவ்வழியில் வந்த பெண்ணின் உடன்பிறந்தானே கண்டி அரியணை ஏறினான். 1815-இல் வெள்ளையன் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிய கடைசி அரசன் வரை ஆண்டவர்கள் அந்த மதுரை வழியினரே.

ஆகவே குருதி கலந்தால் பகை போய்விடும், கலப்பு மணம் செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்வாரிடம் நான் கேட்பது இதுதான்: ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்னே கலந்த குருதி 1923-இல் எங்கே போயிற்று? மதுரையிலிருந்து போன பெண்ணின் பேரப்பிள்ளைகள் 1983-இல் என்ன செய்தனர்?

1956 சூன் மாதத்தில் 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. அன்றைக்குக் கொழும்பின் காலிமுகத் திடலில் அறப்போர் செய்த தமிழ்த் தலைவர்களை அடித்து விரட்டினர். அச்சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நின்று பேசிய சிங்களவர்களும் இருந்தனர். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுள் முதன்மையானவர். ஒரே மொழி என்று பிடிவாதம் செய்தால் ஒரு நாடு இரண்டாகும் என்று அவர் அன்றே எச்சரித்தார். நம் மேடைகளில் இன்றும் அவரைப் பாராட்டிப் பேசுகின்றோம். ஆனால் 1972-இல் புதிய அரசமைப்பை எழுதும் அமைச்சராக அமர்ந்தபோது, சிங்களமே ஆட்சிமொழி என்பதையும் புத்த சமயத்துக்கே முதலிடம் என்பதையும் அதில் ஏற்றியவரும் அவரே! தனியாளாகப் பார்த்தால் கொல்வினுக்குத் தமிழர்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நண்பர்கள் நிரம்ப உண்டு. நட்பு இருந்தது, சட்டம் வேறு வழியில் நடந்தது.

மறுபுறத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யனாவேன். 1983 சூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தபோது, வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாளில் 53 தமிழரை அடித்தே கொன்றபோது, அதே கொழும்பில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தம் வீட்டு உள்ளறையில் மறைத்து வைத்து, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் 'இங்கு எவருமில்லை' என்று பொய் சொல்லிக் காத்த சிங்களக் குடும்பங்கள் பல. உயிர் தப்பி வந்த நம்மவர்களே அதனைச் சொல்கின்றார்கள். 1923-இல் யோக்கோகாமாவை அடுத்த சுருமியில் ஓக்காவா என்னும் காவல் நிலையத் தலைவர், தம்மிடம் அடைக்கலம் புகுந்த கொரியர் முதலானோரைக் கும்பலிடம் விட்டுக்கொடுக்க மறுத்துக் காத்தார். பின்னாளில் அவருக்கு நினைவுக்கல் நட்டவர்கள் கொரியர்களே. காத்தவனை மறவாமை பகைவனை மறத்தல் ஆகாது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கத்தக்கவையே.

அண்மையிற் பேரையூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் ஒன்று கேட்டார். அவர் கத்தாரிற் பணி செய்பவர். அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் ஒரு சிங்களத் தோழர். காய்ச்சலில் இவர் படுத்துக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் அச்சிங்களவரே. மே 18 வந்தது. இவர் தம் கைப்பேசி முகப்பில் முள்ளிவாய்க்கால் படத்தை வைத்தார். அவர் பார்த்தார்; முகம் கறுத்தார். அவருடைய அண்ணன் படையில் இருந்தவராம். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. "ஐயா, படத்தை நான் எடுத்துவிட வேண்டுமா? அல்லது அறையை மாற்றிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார்.

இரண்டும் வேண்டா என்றேன். படம் இருக்கட்டும். 2009-இல் அங்கு நடந்ததை உலகம் அறியும். ஐ.நா. பொதுச்செயலாளர் அமர்த்திய குழு 2011-இற் கொடுத்த அறிக்கை, இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று கூறியது. அதனை மறைத்துத்தான் நட்பு நிற்கும் என்றால் அந்நட்பு கஞ்சிக்குக் கூட ஆகாது. ஆனால் பேசாமல் இருந்தீர்களே மூன்று நாள், அதுதான் பிழை. அவர் அண்ணன் எந்த ஆண்டு, எந்த இடத்தில் இருந்தார் என்று கேளுங்கள். எத்தனை உரூபாய்ச் சம்பளத்துக்கு, எந்த வறுமையில் அவர் படையிற் சேர்ந்தார் என்று கேளுங்கள். 1971-இலும், 1987 முதல் 1989 வரையிலும் அதே அரசு சிங்கள இளைஞர்களையே ஆயிரம் ஆயிரமாய்க் கொன்று ஆற்றில் விட்டதே, அவர் ஊரில் அப்பொழுது எத்தனை வீட்டில் பிள்ளை திரும்பவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வார். பிறகு உங்கள் செய்தியை நீங்கள் சொல்லுங்கள். அவரைச் சிங்கள இனத்தின் பேராளராகக் கூண்டில் நிறுத்தாதீர்கள். அவரும் உங்களைத் தமக்கு மன்னிப்பு வழங்க வந்தவராக எண்ணாதிருக்கட்டும். மன்னிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது முள்ளிவாய்க்காலிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உரியது.

இதனை ஒட்டி ஒரு திரைப்படச் செய்தியையும் சொல்ல வேண்டும். உங்களுட் சிலர்க்கு இது பிடிக்காது. சிங்கள இயக்குநர் பிரசன்ன விதானகே 2012-இல் ஒரு படம் எடுத்தார். 'நீ இன்றி, நீ உடன்' என்று பொருள்படும் பெயர் அதற்கு. அடகுக் கடை நடத்தும் சிங்களவன் ஒருவன், போரில் உடன்பிறந்தாரை இழந்து மலைநாட்டில் வந்து தங்கிய தமிழ்ப்பெண்ணை மணக்கின்றான். அவன் முன்பு படையாளாக இருந்தவன் என்பது பின்னரே அவளுக்குத் தெரிகின்றது. அதன்பின் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அதுதான் படம். 2014 சூனில் அது சென்னைத் திரையரங்குகளுக்கு வந்தபோது, சிங்களவன் படம் என்று எதிர்ப்பு எழுந்து, அரங்குகளுக்கு மிரட்டல் வந்து, காட்சிகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தியவர்கள் இன உணர்வாளர்கள்தாம். அவர்கள் நெஞ்சில் இருந்த தீயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் நிறுத்தியது நம் நலத்துக்கு ஆகவில்லை என்பது என் துணிபு. படையாளாக இருந்தவன் தன் மனைவியின் கண்ணை நேரே பார்க்க இயலாமல் குறுகுவதை ஒரு சிங்களவனே படமாக்கிக் காட்டுகின்றான். அதனை நாமே மறைப்பதா? கொழும்பு அரசுதான் மறைக்க வேண்டிய படம் அது.

கொரியர் இத்தகைய இடத்தில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு இரண்டு பெண்களின் வாழ்க்கையைச் சொல்லலாம். ஒருத்தி அரச குடியினள்; மசாக்கோ என்பது பெயர். கொரியாவின் கடைசி இளவரசனுக்கு 1920-இல் அவளைச் சப்பானிய அரசு திருமணம் செய்து வைத்தது. கொரிய அரச குடியைத் தன்வயமாக்கச் செய்த சூழ்ச்சி அது. அவளைக் கேட்டா செய்தார்கள்? பல்லாண்டு கழித்து, 1963-இல், நோயுற்ற கணவரோடு கொரியாவுக்கு வந்தார். இயி பங்குசா என்னும் கொரியப் பெயரோடு, உடற்குறையும் மூளைக்குறையும் உள்ள கொரியக் குழந்தைகளுக்குப் பள்ளியும் பயிற்சியகமும் நிறுவி, 1989-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். கணவர் இறந்த பின்னும் அவர் சப்பானுக்குத் திரும்பிவிடவில்லை.

மற்றொருத்தி ஏழை, கனேக்கோ புமிக்கோ. பெற்றோரால் கைவிடப்பட்டு, கொரியாவிற் குடியேறிய சப்பானிய உறவினர் வீட்டில் வேலைக்காரியைப் போல் வளர்ந்தவள். தன்னை வதைத்த அவ்வீட்டாரே கொரிய உழவரையும் வதைப்பதைக் கண்டாள். பின்னர்த் தோக்கியோவில் பாக்கு யோல் என்னும் கொரியப் புரட்சியாளரோடு வாழ்ந்தாள். 1923 நிலநடுக்கத்தை அடுத்து இருவரும் பிடிக்கப்பட்டனர். பேரரசனைக் கொல்லச் சூழ்ந்தனர் என்று 1926-இல் இருவர்க்கும் தூக்குத் தீர்ப்பு. பின் அது வாழ்நாட் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையிற் சிறையிலேயே இறந்தாள், இருபத்து மூன்று அகவையில். அவள் கல்லறை பாக்கு யோலின் ஊர்ப்பக்கமாகிய முன்கியோங்கில், கொரிய மண்ணில் இருக்கின்றது. 2018-இல் தென்கொரிய அரசு அவளுக்கு விடுதலை வீரர்க்குரிய விருதை வழங்கியது. அவ்விருவர்க்கும் வழக்காடிய சப்பானிய வழக்கறிஞர் புசே தாட்சுசிக்கு 2004-இலேயே அத்தகைய விருது கிடைத்துவிட்டது. சப்பானியர்மேல் அத்துணைச் சினம் கொண்ட நாடு, சப்பானியருள் தனக்காக நின்றவரைத் தேடிப் பெயர் எழுதி வைத்திருக்கின்றது. நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் உண்டா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து 1977-இல் 'பொன்மணி' என்னும் தமிழ்ப்படம் எடுத்த சிங்களவர் தர்மசேன பத்திராசாவை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவர் இராசனி திராணகம, தயாபால என்னும் சிங்களவரை மணந்தவர். ஈழத்துத் துயரை எழுதிய 'முறிந்த பனை' நூலாசிரியர் நால்வருள் ஒருவர். 1989 செபுதம்பர் 21-ஆம் நாள் யாழ்ப்பாணத் தெருவில் மிதிவண்டியில் வீடு திரும்புகையிற் சுடப்பட்டு இறந்தார். சுட்டது தமிழ்க் கை என்றே அவரோடு பணியாற்றியோர் கூறி வந்துள்ளனர். அச்செய்தியைத் தவிர்த்துவிட்டு இவ்வுரையை முடிப்பது எனக்கு எளிது. ஆனால் கேட்கும் உங்களை ஏமாற்றியவனாவேன்.

தமிழ் இளைஞன் சிங்களப் பெண்ணை மணக்கலாமா, கூடாதா என்று என்னிடம் நேரே கேட்பார்க்கு என் விடை இது. மணப்பது அவர்கள் உரிமை. எவர் தடுக்கவும் முறையில்லை. ஆனால் அந்த வீட்டில் பிறக்கும் குழந்தை எம்மொழிப் பள்ளிக்குப் போகும் என்பதை மணத்துக்கு முன்பே இருவரும் பேசிக்கொள்ளட்டும். இலங்கைப் பள்ளிகளிற் சிங்கள வழி வேறு, தமிழ் வழி வேறு. கொழும்பில் வேலைக்கும் வாழ்வுக்கும் எது வசதியோ அந்தப் பக்கமே குழந்தை சாயும்; 1987-இன் 13-ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்று எழுதிவிட்டதால் அலுவலகத்திற் சாய்வு நீங்கிவிடவில்லை. இரண்டு தலைமுறையில் தமிழ்ப்பாட்டியின் பெயரைக் கூடப் பேரனுக்குச் சொல்ல வராது. அடிமைக் கொரியாவில் ஆணையிட்டுச் செய்ததை, அன்பு இங்கு ஆணையின்றியே செய்துவிடும். சூலை 23-ஐயும் மே 18-ஐயும் அந்த வீட்டில் விளக்கேற்றி நினைக்க இடமுண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். 2004-இல் குடியரசுத் தலைவராயிருந்த சந்திரிகா, 1983-க்காக மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் 2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவர் எழுச்சிக்குப் பின் மூன்றே நாளில் மறுபடியும் அடிக்கல் நாட்ட வேண்டி வந்தது. வெளியே நினைவுக்கல்லை இடிப்பவன் ஆட்சி செய்யும் நாட்டில், வீட்டுக்குள் நினைவு எப்படி இயல்பாக இருக்கும்? அரசு மறைக்க மறைக்க, அந்தச் சுமை கணவன் மனைவியர் தலைமேலும் அறைத்தோழர் தலைமேலும் வந்து விழுகின்றது.

இரண்டாம் உலகப்போரில் சயாம் – பர்மா தொடர்வண்டிப் பாதை போடச் சப்பானியன் மலேயாவிலிருந்து ஓட்டிச் சென்ற நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் அக்காட்டிலேயே மடிந்தனர். அதே பாதையில் வெள்ளைப் போர்க்கைதிகளைக் காத்து அடித்து வேலை வாங்கிய காவலருட் பலர் கொரியர்! தாமே அடிமைகள், ஆண்டையின் உடுப்பைப் போட்டவுடன் அடிக்கத் தொடங்கிவிட்டனர். போருக்குப் பின் போர்க்குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்ற கொரியர் 148 பேர். தூக்கில் தொங்கியவர் 23 பேர்.

அதனால்தான் உத்தப்புரத்துக்கு வருகின்றேன். நம் பேரையூர் வட்டத்து ஊர் அது. இவ்வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள், பிறவியிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்தும் கைரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற 16 பேரை வெள்ளையன் சுட்டுக் கொன்றான். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். நூறாண்டு கடந்தும் அதனை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த மானவுணர்வு உள்ள இதே மண்ணில்தான், 1989-இல், ஒடுக்கப்பட்ட மக்கள் தெருவை ஒதுக்கி உத்தப்புரத்தில் மதில் எழுப்பப்பட்டது. அதன்மேல் மின்னோட்டம் பாயும் கம்பியும் இழுக்கப்பட்டிருந்தது 2008-இல் வெளியே வந்தது. அவ்வாண்டு மே 6-இல் மதிலின் ஒரு பகுதியை மாவட்ட ஆட்சியர் முன்னின்று இடித்து வழி திறந்தபோது, மறுபக்கத்துக் குடும்பங்கள் பல குடும்ப அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே வெளியேறி மலையடிவாரத்திற் போய் அமர்ந்தன. 2011 நவம்பரில்தான் ஒடுக்கப்பட்டோர் அவ்வூர் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கிப் பத்தாண்டு ஊராட்சித் தலைவர் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்தோம்.

சிங்களப் பெண்ணை மணக்கலாமா என்று கேட்ட இளைஞர்களே, அடுத்த தெருப் பெண்ணை மணக்கலாமா என்று உங்களுள் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கொரியன் இரண்டு பெயரோடு வாழ்ந்தான் என்றேன், தலை அசைத்தீர்கள். மதுரைக்குப் படிக்கப் போன நம் பையன் ஒருவன், வாடகை வீடு கேட்கும்போது தன் தெருவின் பெயரை மாற்றிச் சொல்கின்றானே, அவனுக்கு எத்தனை பெயர்? அதிர்ந்தொலிக்கும் ஓர் எழுத்தைக் கொண்டு கொழும்பில் ஆளைக் கண்டுபிடித்தான் சிங்களவன். 'எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? யார் வீட்டுப் பிள்ளை?' என்று மூன்றே கேள்வியில் தமிழன் தமிழனைக் கண்டுபிடித்துவிடுகின்றான்; அவனுக்கு வாளி கூடத் தேவையில்லை. அங்குள்ள பகைக்காவது இரண்டு மொழி உண்டு. இங்கே திட்டுபவனும் திட்டப்படுபவனும் ஒரே தமிழில்தான் பேசிக்கொள்கின்றார்கள்.

நேரம் ஆயிற்று. திருமங்கலத்தை அடுத்த உச்சப்பட்டியில் ஈழ ஏதிலியர் முகாம் உள்ளதை அறிவீர்கள்; 2021-இலிருந்து அதனை மறுவாழ்வு முகாம் என்று அரசு அழைக்கின்றது. அங்குள்ள பிள்ளைகளுக்கு நூல்கள் திரட்டிக் கொண்டுபோக இளைஞர் சிலர் முன்வந்துள்ளனர். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இங்குள்ள பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றோம். ஊரின் இரண்டு பக்கத்திலிருந்தும் வாருங்கள். ஒரே வண்டியிற் போவோம். மதிய உணவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவோர் இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் வாயிலில் உள்ள தோழரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லலாம்.